தாளக்காரி

சுகந்திக்குக் கைராசி இல்லை என்று வேலங்காட்டுப்புதூர் முடிவு கட்டி மூன்று வருஷமாகியிருந்தது. மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவள் வேலை. முறையான பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, உறைவிந்துக் குச்சிகளை வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைத் தன் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வாள். ஆனாலும் பத்துக் கிடாரிகளுக்கு ஊசி போட்டால் நான்குதான் சினை பிடிக்கும். மற்ற ஆறும் மூன்று வாரம் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும்.

"அந்தப் புள்ள கை பட்டா நிக்காதுங்க" என்று பால் சொசைட்டி வரிசையில் நின்று பேசுவார்கள். அவள் காதில் விழட்டும் என்றே பேசுவார்கள்.

உண்மையில் தப்பு அவள் கையில் இல்லை. கிடாரி பருவத்துக்கு வந்தால் ஊசி போடத் தோதான நேரம் அரை நாள்தான். நாலைந்து ஈற்றுக் கண்ட மாடு கத்தி ஊரைக் கூட்டிவிடும். முதல் முறை பருவத்துக்கு வரும் கிடாரியோ கூச்சப்பட்டதுபோல ஒதுங்கி நிற்கும். மாட்டுக்காரர் அதைக் கவனித்து, இவளுக்குப் போன் போட்டு, இவள் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அந்த அரை நாள் போயிருக்கும். எல்லாக் கிடாரிகளையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவர ஊசி மருந்துகளும் வெகுகாலமாக இருந்தன. ஒன்பது பத்து நாளில் மூன்று ஊசி. ஆனால் இரண்டாவது ஊசியன்று யாராவது ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் தாளப்பட்டை வந்தது.

கொண்டுவந்தவள் ரெஹானா. பட்டை செய்யும் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர், சுகந்தியின் வயதுதான் இருக்கும். சொசைட்டி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டு, கையில் ஒரு கழுத்துப்பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"பக்கத்துப் பக்கத்துல கட்டியிருக்கிற மாடுங்க சில சமயம் சேர்ந்தாப்ல பருவத்துக்கு வர்றதை நீங்களே பார்த்திருப்பீங்க. ஒண்ணோட வாசனை இன்னொண்ணை இழுக்குது. இந்தப் பட்டை அந்த வேலையைத்தான் பெருசாச் செய்யுது. ஒரு கிடாரியோட வியர்வை, மூச்சு எல்லாத்தையும் படிச்சு, மத்த கிடாரிங்க கழுத்துல இருக்கிற பட்டை அதே வாசனையை அதுங்க மூக்குக்கிட்ட விடும். ரெண்டு சுற்று போனா எல்லாம் ஒரே காலையில பருவத்துக்கு வந்து நிக்கும்."

"எந்தக் கிடாரிங்க அது, மத்ததையெல்லாம் இழுக்கப் போறது?" என்று கேட்டாள் சிவகாமி. சொசைட்டியின் தலைவி. கணக்குக் கேட்பதுபோலத்தான் எதையும் கேட்பாள்.

"கொஞ்சமும் நாள் பிசகாத கிடாரியா இருக்கணும். அதைத்தான் முதல்ல தேடணும்."

இரண்டு மாதம் தேடினார்கள். ஊரில் அறுபத்திரண்டு கிடாரிகள். ஒன்று பத்தொன்பதாம் நாள் வரும், இன்னொன்று இருபத்துமூன்றாம் நாள் வரும், சில வந்ததா இல்லையா என்றே தெரியாது. இருபத்தொரு நாள் என்றால் இருபத்தொரு நாள், அரை மணி நேரம்கூட முன்பின் இல்லாமல் வந்தது ஒன்றே ஒன்று. பூபதியின் கருப்பட்டி.

பூபதி இருபது வருஷம் விசைத்தறியில் நின்றவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் எதைச் சொன்னாலும் அடுத்த தெருவுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாங்கிக் கட்டிய மாடு அது. நிறத்தைப் பார்த்து அவர் மனைவி சாவித்திரி வைத்த பெயர் கருப்பட்டி.

"ஒரு விஷயம் மட்டும்" என்றாள் ரெஹானா. "தாளம் குடுக்கிற கிடாரிக்கு ஊசி போடக் கூடாது. அது சினையாயிட்டா இருபத்தொரு நாள் கணக்கு நின்னுடும். அப்புறம் எல்லாமே நின்னுடும்."

"எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டார் பூபதி.

"வேற ஒண்ணு கிடைக்கிற வரைக்கும்."

ஊரே திரும்பி அவரைப் பார்த்தது. அப்படி ஊர் தன்னைத் திரும்பிப் பார்த்த நாள் அவருக்கு நினைவில்லை. "சேரீங்க" என்றார். அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன.

கருப்பட்டிக்கு அன்றே பெயர் மாறிவிட்டது. தாளக்காரி. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை, பருவ நாள் காலையில், பூபதி அதைக் குளிப்பாட்டி நெற்றியில் சந்தனம் வைத்து எல்லாத் தெருவிலும் நடத்திப் போவார். பக்கத்தில் வந்தால்தான் மற்றப் பட்டைகள் வாசனையைச் சரியாகப் படிக்கும் என்பதால் வந்த ஏற்பாடு அது. மூன்றாவது சுற்றில் பார்க்க ஒரு திருவிழாபோல ஆகிவிட்டது. வாசலில் கோலம் போட்டார்கள். பூபதி வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு நடந்தார்.

அந்த மூன்றாவது சுற்றில், ஒரே காலையில், சுகந்தி அறுபத்தொரு கிடாரிகளுக்கும் ஊசி போட்டாள். பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கை விட்டுப் பார்த்தபோது ஐம்பத்தொன்று சினை.

அதற்குப் பிறகு சுகந்தியின் கையே வேறு கையாகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் காபி. விதை போடும் நாளில் முதல் பிடியை அவள் தூவ வேண்டும் என்றார்கள். புதுக் கடை திறந்தால் முதல் வியாபாரம் அவளுடையது. ஒரு வீட்டில் குழந்தைக்குக் காது குத்தும்போது, குத்துகிற ஆசாரியின் கையை அவள் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகட்டும் என்று வண்டியை மறித்தார்கள். சிரிப்பாக இருந்தது அவளுக்கு. ஆனால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மூன்று வருஷம் கேட்ட பேச்சுக்கு அது மருந்துபோல இருந்தது.

ஒன்பது மாதம் முடிந்து பத்து நாளைக்குள் ஐம்பது கன்றுகள் பிறந்தன. ஊர் சீம்பாலில் மூழ்கிப்போனது. முதல் நாள் ஆசையாகத் தின்ற பிள்ளைகள் நான்காம் நாள் தட்டைப் பார்த்ததும் ஓடினார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குச் சீம்பால், கோயிலில் பிரசாதம் சீம்பால், பஸ் டிரைவருக்கு இறங்கும்போது ஒரு தூக்குப் போசி சீம்பால். ஐந்தாம் நாள் தெரு நாய்களே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அந்த நாட்களில் பூபதி வீடு வீடாகப் போய்க் கன்றுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவினார். சுகந்தி மூன்று நாளாக இதைக் கவனித்தாள். நான்காம் நாள் அவர் அவளிடம் வந்தார்.

"அம்மிணி, எங்க கருப்பட்டிக்கும் ஒரு ஊசி போட்டுரு."

அவர் தாளக்காரி என்று சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

"எப்படிண்ணா முடியும்? அடுத்த செட்டு நாப்பது கிடாரி காத்திருக்கு. பக்கத்து ஊர்க்காரங்க வேற பட்டை மாட்டியிருக்காங்க."

"அதுக்கு மூணு வயசு ஆகப் போகுது. ரொம்ப நாள் சும்மா கட்டி வெச்சாக் கொழுப்புப் புடிச்சுரும், அப்பறம் சினையே நிக்காதுன்னு நீதான சொன்னே?"

"இன்னும் ஆறு மாசம்ண்ணா. வேற தாளக்காரி தேடீட்டுத்தான் இருக்காங்க."

யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும். பூபதிக்கும் தெரிந்திருக்கும். அவர், "அது கறக்காததுக்கு ஈடாச் சொசைட்டியில தெனமும் ரெண்டு லிட்டரு பாலு எங்க வீட்டுக்குக் குடுக்கறாங்க. நல்ல பாலுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை மட்டும் அவர் மெதுவாகச் சொன்னார். அன்று முழுக்கச் சுகந்தி, நாற்பது கிடாரிகளுக்காகத்தான் மறுத்தேன் என்று தனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தாள். கைராசிக்காரி என்ற பெயருக்காக என்பது அதற்கு அடியில் கிடந்தது.

மூன்றரை மாதம் போயிற்று. தாளம் பிசகவில்லை. பூபதி வழக்கம்போல மாட்டை நடத்திப் போனார், சுகந்தி வழக்கம்போல ஊசி போட்டாள். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நிறுவனத்திலிருந்து தாளக்காரியின் கருப்பையைப் பரிசோதித்து அறிக்கை அனுப்பச் சொல்லிச் செய்தி வந்தது. ஒரு புதன்கிழமை காலை சுகந்தி, பூபதி மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போனாள். நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கையை உள்ளே விட்டாள். பூபதி வாலைப் பிடித்துக்கொண்டு தென்னைமரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தியின் கை நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. மறுபடி நின்றது. தண்ணீர் நிறைந்த ஒரு பையைப் போல அங்கே ஏதோ கனத்துத் தொங்கியது. விரலால் லேசாகத் தட்டினாள். உள்ளே ஒரு சின்ன உருவம் விலகிப் போய், மிதந்து திரும்பி வந்து, அவள் விரலில் மோதியது.

ஆயிரம் முறை தொட்டுப் பார்த்ததுதான். ஆனாலும் அவள் முகம் தானாக மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது.

"பூபதிண்ணா."

"என்ன அம்மிணி?"

"எத்தனை நாளாச்சு?"

"எதுங்கறே?"

"அண்ணா!"

பூபதி தென்னைமரத்திலிருந்து கண்ணை இறக்கினார். "மூணரை மாசம்" என்றார். ரகசியமாகச் சொல்லத்தான் நினைத்தார். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சுகந்தி கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தாள். சாவித்திரி வீட்டுக்குள்ளிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை என்பதால் பூபதி எல்லாவற்றையும் சொன்னார். சுகந்தி மறுத்ததற்கு அடுத்த பருவ நாளில், ஊரே சொசைட்டி முன்னால் அவள் பின்னாடி வரிசை கட்டி நின்றிருக்கிறது. தெருக்கோடிக்குப் போன பூபதி மாட்டைத் திருப்பாமல் நேரே வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையில் இறக்கிவிட்டார். இரண்டு மைல் தள்ளி, தறியில் கூட வேலை செய்த ஒருவர் ஒரு காளை வைத்திருந்தார்.

"பட்டப்பகல்ல, நெத்தியில சந்தனத்தோட கூட்டீட்டுப் போனனுங்க. ஒருத்தருகூட எங்களைப் பார்க்கலே."

"அதுக்கப்புறமும் தெருவுல நடத்திட்டுப் போனீங்களே?"

"போகாட்டி மாட்டிக்குவனே! அஞ்சு தடவை போனேன். அஞ்சு தடவையும் இன்னிக்கு எந்தக் கிடாரியும் வராது, நான் செத்தேன்னு நெனச்சுட்டேதான் போனேன்."

சுகந்தி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து சுற்று. ஐந்திலும் எல்லாக் கிடாரிகளும் ஒரே காலையில் வந்திருந்தன. அதில் முந்திய சுற்றுகளுக்கு அவள் ஏற்கெனவே சினைப் பரிசோதனையும் செய்துவிட்டாள். பத்துக்கு எட்டு, குறையவே இல்லை. தாளக்காரி மூன்றரை மாதமாக ஊமையாக இருக்க, கிடாரிகள் யாருடைய தாளத்துக்கு ஆடின?

"ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க அம்மிணி?" என்றார் பூபதி.

"முதல்ல என்னைச் சொல்லட்டும். அப்பறம் உங்களைச் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அவள் ரெஹானாவுக்குப் போன் போட்டாள்.

ரெஹானா மறுநாளே வந்தாள். சொசைட்டி அலுவலகத்தில், சிவகாமியின் மேஜையில் தன் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டைகளின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூபதி சுவரோரம் கைகட்டி நின்றார்.

"தாளக்காரியோட பட்டை மூணரை மாசமா ஒண்ணுமே சொல்லலை. தாளம் சரியா வந்துட்டிருந்ததால நாங்களும் திறந்து பார்க்கலை" என்றாள் கடைசியில். "மத்தப் பட்டைங்க அதுக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஒண்ணை ஒண்ணு கேட்டு நடந்திருக்கு. ஒண்ணு கொஞ்சம் முந்தினா பக்கத்துல இருக்கறது இழுத்துப் பிடிக்குது. ஒண்ணு பிந்தினா மத்ததெல்லாம் சேர்ந்து தள்ளிவிடுது. கோயில்ல பஜனை பாடறப்ப யாரும் தாளம் போடலைன்னாலும் எல்லாரும் ஒண்ணாக் கை தட்டுவாங்களே, அந்த மாதிரி."

"அப்போ தாளக்காரியே வேண்டாமா?" சிவகாமி கேட்டாள்.

"ஆரம்பத்துல ரெண்டு மூணு சுற்றுக்கு வேணும். அப்புறம் தேவையில்லை போலிருக்கு."

"போலிருக்கா? நீங்க சோதிச்சுப் பார்க்கலீங்களா?"

ரெஹானாவின் முகம் சிவந்தது. "சோதிக்கணும்னா நடுவுல ஒரு தடவை தாளத்தை நிறுத்தணும். நின்னு போயிட்டா அந்த ஊரோட நாப்பது கிடாரிக்கும் நஷ்டம். எந்த ஊரு அதுக்கு ஒத்துக்கும்?"

"ஊரை நாம கேக்கவே இல்லையே" என்றாள் சுகந்தி. "பூபதிண்ணனை மட்டும்தான் கேட்டோம். அவரு சரின்னுட்டாரு. அதோட விட்டுட்டோம்."

சிவகாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

சாயங்காலம் பால் ஊற்ற வந்தவர்களை அப்படியே நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னார்கள். பூபதி தானே முன்னால் வந்து சொன்னார். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. அவர் முடித்ததும் சுகந்தி எழுந்தாள்.

"அவரு என்கிட்ட வந்து கேட்டாருங்க. நான்தான் மாட்டேன்னேன். தாளம் நின்னா மறுபடியும் பத்துக்கு நாலு ஆயிரும், கைராசி போயிரும்னு பயந்துக்கிட்டு மாட்டேன்னேன். தப்பு என் மேலதான்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கோபமாக, "அது சரி, ஆனா மூணரை மாசமா ஊரையே ஏமாத்தியிருக்காரே?" என்றார்.

சாவித்திரி அதுவரை பெண்கள் பக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணேகால் வருசமா எங்க மாட்டை ஏமாத்துனது யாருங்க? வருசையில எல்லாரு மாட்டுக்கும் ஊசி, அது மட்டும் சந்தனத்தை வெச்சுட்டு வேடிக்கை பார்த்துட்டு நிக்கோணுமா?" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. "பூபதி, அது எந்தூர்க் காளைப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. "பேரைச் சொன்னாப் போயி மொய் வெச்சுட்டு வரலாமில்ல!" அதோடு மொத்தக் கூட்டமும் வாய்விட்டுச் சிரித்தது. சிவகாமி வந்து பூபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு தடவையாவது வந்து கேட்டிருக்கோணும்ண்ணா" என்றாள். கேட்காத காதுப் பக்கம் நின்று சொல்லிவிட்டாள் என்று தெரிந்ததும், இந்தப் பக்கம் வந்து மறுபடி சொன்னாள்.

கூட்டம் கலையும்போது சுகந்தி ரெஹானாவைத் தனியே நிறுத்தினாள்.

"இந்த மாதிரித் தாளக்காரி எத்தனை ஊர்ல இருக்கு, மேடம்?"

"அறுபத்துமூணு."

"அத்தனை பேருக்கும் இன்னிக்கே சொல்லீருங்க."

"மேலிடத்துல எழுதிக் குடுத்து, அவங்க சோதனை பண்ணி, முடிவு வர்றதுக்கு ஆறு மாசமாகும் சுகந்தி."

"ஆறு மாசத்துல அதுகளுக்கு இன்னும் கொழுப்புப் புடிச்சுரும்."

ரெஹானா கணினியைத் திறந்து, திரையில் ஒரு பட்டியலை எடுத்து, அப்படியே மேஜைமேல் வைத்தாள். "நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போனாள். அறுபத்துமூன்று ஊர்களிலும் ஊசி போடுகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருந்தன.

சுகந்தி நடந்ததைச் சுருக்கமாகத் தன் குரலில் பதிவு செய்தாள். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்படி நடந்தது, உங்கள் ஊரில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றாள். பிறகு போனைப் பூபதியிடம் நீட்டினாள். அவர் இரண்டே வாக்கியம் பேசினார். அதைக் கேட்டவர்கள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

ரெஹானாவுக்கு மேலிடத்திலிருந்து கண்டபடி திட்டு விழுந்தது. ஆனால் அந்த மாதமே நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் தாளக்காரிகளுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு ஊர்களில் தாளம் கலைந்து, புதிதாக ஒரு கிடாரியை வைத்துத் தொடங்க வேண்டியதாயிற்று. மற்ற இடங்களில் ஒரு சுற்று லேசாகத் தள்ளாடிவிட்டுத் தானே சரியானது. முதல் மூன்று சுற்று முடிந்ததும் தாளக்காரிக்குத்தான் முதல் ஊசி என்று நிறுவனமே விதியை மாற்றியது. அதைத் தாங்களே கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். ரெஹானா அந்த அறிவிப்பைச் சுகந்திக்கு அனுப்பி, கீழே சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாள்.

கருப்பட்டி ஒரு நண்பகலில், வெயில் ஏறிய நேரத்தில், காளைக்கன்று ஒன்றை ஈன்றது. கிடாரிக்கன்றாக இல்லையே என்று யாரோ சொன்னார்கள். பூபதிக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல இருந்துவிட்டார்.

பத்தாம் நாள் சாயங்காலம் சுகந்தி மாட்டைப் பார்க்கப் போயிருந்தாள். கன்றை முதலில் மடியில் ஊட்ட விட்டு, பிறகு இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு வந்தது. பூபதி குத்துக்காலிட்டுக் கறக்க உட்கார்ந்தபோது அவர் போன் அடித்தது. ஒலிபெருக்கியைப் போட்டுத் தரையில் வைத்தார். தர்மபுரிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"எங்க ஊரு தாளக்காரி எங்க வூட்டுதுதாங்க. உங்க குரலைக் கேட்டுட்டுத்தான் நாங்களும் ஊசி போட்டோம். இப்ப ஆறு மாசம். உங்களுது கன்னு போட்டிருச்சின்னாங்க."

"போட்டிருச்சுங்க!"

"பால் கறக்கறீங்களா?"

"இப்பத்தானுங்க உக்காந்தேன்."

"எப்பிடி இருக்குதுண்ணா?"

பூபதி வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் கேட்கப் பேசுகிற அந்த மனுஷனுக்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை. சுகந்தியைப் பார்த்தார். அவள் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவர் போனை எடுத்துப் போசிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுக் காம்பைப் பிடித்தார். முதல் பீச்சு காலிப் போசியின் அடியில் விழுந்து கணீரென்றது. அடுத்தது. அடுத்தது. சத்தம் மெல்ல மெல்லக் கனத்து நுரையில் அமுங்கியது.

மறுமுனையில் அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைக்கவில்லை.